மழைக்காட்டை எங்கிருந்து தொடங்குவது?

மழைக்காடு பற்றிக் குழந்தைகளுக்கென்று தயாரிக்கப்படும் பாடத்தாள்களைப் புரட்டினால் சில படங்கள் தவறாமல் வந்து நிற்கும். எரியும் காடு, மரம் போன பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒராங்குட்டான், நுரையீரல் வடிவத்தில் வரைந்த இரண்டு மரங்கள். கீழே "பூமியின் நுரையீரலைக் காப்போம்" என்று வண்ணம் தீட்டுவதற்கான வெற்றெழுத்துகள். பிள்ளைகள் பச்சை அடித்து முடித்ததும் பாடம் முடிந்தது.

வார இறுதிகளில் 8 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளோடு அறிவியல் பேசும் ஒரு சிறு குழுவை நடத்திவருகிறேன். மழைக்காடு அங்கே அடிக்கடி வரும் தலைப்பு. நான் அதை அழிவிலிருந்து தொடங்குவதில்லை. காடு எப்படி இயங்குகிறது என்பது ஓரளவு புரிந்துவிட்டால், எதை எடுத்தால் எது விழும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். புரியாத ஒன்றைக் காப்பாற்றச் சொன்னால் அவர்களிடமிருந்து கிடைப்பது வாசகம் மட்டும்தான்.

முதலில் அந்த நுரையீரலை ஒரு ஓரமாக வைத்துவிடலாம். 2019 ஆகஸ்டில் அமேசானில் தீ பரவியபோது "உலகின் 20 சதவீத ஆக்சிஜனைத் தரும் காடு எரிகிறது" என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. நாட்டுத் தலைவர்களே அதைப் பகிர்ந்தார்கள். கணக்கு அப்படி இல்லை. வளர்ந்து முதிர்ந்த காடு பகலில் ஒளிச்சேர்க்கையால் வெளியிடும் ஆக்சிஜனை, அதே காட்டின் மரங்களும், விழுந்த இலையை மட்கவைக்கும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும், விலங்குகளும் சேர்ந்து ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வரவும் செலவும் நேராகிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. அமேசான் முழுவதும் நாளைக்கே காணாமல் போனாலும் நமக்கு மூச்சு முட்டாது.

இதைச் சொன்னால் சில பெற்றோருக்கு முகம் சுருங்குகிறது. "அப்படிச் சொன்னா காட்டைக் காப்பாத்தணும்னு எப்படித் தோணும்?" என்கிறார்கள். எனக்குக் கவலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. எட்டு வயதில் இந்த வாசகத்தை நம்பிய பிள்ளை பதினைந்து வயதில் உண்மையைத் தெரிந்துகொள்ளும்போது, கூடவே சொல்லப்பட்ட மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கும். அதுவும் சரியான காரணங்கள் கை நிறைய இருக்கும்போது பொய்யான காரணம் எதற்கு? அமேசான் காட்டின் மரங்களிலும் மண்ணிலும் 10,000 கோடி டன்னுக்கும் மேல் கார்பன் இருக்கிறது. எரித்தால் அது காற்றுக்குப் போகும், புவி இன்னும் சூடாகும். இது உண்மை. ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் நான் கார்பனைக் கொண்டு தொடங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வாயுவை விட மழை நல்ல தொடக்கம்.

"மழைக்காட்டுக்கு மழை எங்கேருந்து வருது?" என்று கேட்டுப் பாருங்கள். கடலிலிருந்து என்று உடனே பதில் வரும். பாதி சரி. காடே தனக்கான மழையில் ஒரு பெரும்பங்கைச் செய்துகொள்கிறது என்பதைப் பேச்சில் நம்பவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். வெயில்படும் ஒரு கிளையை இலைகளோடு சேர்த்து ஒளிபுகும் பிளாஸ்டிக் பையால் மூடி, வாயை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, அடியில் இறங்கி நிற்கும். யாரும் ஊற்றாத தண்ணீர். நீராவிப்போக்கு என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகளும் இதைப் பார்த்ததும் பையை அழுத்திப் பார்க்கிறார்கள், இலை அழுததா என்று கேட்கிறார்கள். (ஒரு குறிப்பு: சோதனை முடிந்ததும் பையை மறக்காமல் கழற்றிவிடுங்கள். வெயிலில் இலை வெந்துபோகும்.)

அதன் பிறகு அமேசானுக்குப் போகலாம். 1970களில் பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாட்டி, மழைநீரில் இருக்கும் ஆக்சிஜனின் எடை வேறுபட்ட வகைகளை (ஐசோடோப்புகளை) அளந்து, அமேசான் படுகையில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி அந்தக் காட்டிலிருந்தே ஆவியாகிப் போய்த் திரும்பி வந்தது என்று காட்டினார். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மழையாகப் பெய்கிறது, மரம் அதை வேரால் இழுத்து இலை வழியே காற்றுக்குத் தருகிறது, காற்று அதை மேற்கே தள்ளுகிறது, மறுபடி மழை. இப்படி உள்நாட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் ஈரம் ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பி, தெற்கு பிரேசிலுக்கும் பராகுவேக்கும் வட அர்ஜென்டினாவுக்கும் மழை கொடுக்கிறது. பறக்கும் ஆறுகள் என்று அங்கே அதற்குப் பெயர். அமேசான் காட்டு மரங்கள் ஒரு நாளில் சுமார் 2,000 கோடி டன் நீரைக் காற்றுக்கு அனுப்புகின்றன என்பது பிரேசில் அறிவியலாளர் அந்தோனியோ நோப்ரேயின் மதிப்பீடு. அமேசான் ஆறு ஒரு நாளில் கடலில் கொட்டுவதை விட அது அதிகம்.

வரைபடத்தில் இந்த ஓட்டத்தை அம்புக்குறிகளாக வரையச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு பட்டையை அழிப்பானால் அழிக்கச் சொல்வேன். அவ்வளவுதான். "அக்கா, அப்போ இந்தப் பக்கம் விவசாயம் பண்றவங்களுக்கு மழை வராதே?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். காட்டை வெட்டியவரும் மழையை இழப்பவரும் வேறு வேறு நாட்டில் இருக்கலாம் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மண்ணைப் பற்றிய பாடம் இதைவிடச் சுவையானது. இவ்வளவு பசுமை இருக்கும் இடத்தில் மண் வளமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், பெரியவர்களும்தான். பெரும்பாலான மழைக்காடுகளில் மண் ஏழை. ஆண்டாண்டு காலமாகப் பெய்த மழை சத்துகளை அரித்துக்கொண்டு போய்விட்டது. இருக்கும் சத்தெல்லாம் உயிருள்ள மரத்திலும் செடியிலும்தான். ஒரு இலை விழுந்தால் அது மட்கி மண்ணில் தங்குவதற்குள் மேற்பரப்பிலேயே பரவிக் கிடக்கும் வேர்களும் பூஞ்சை இழைகளும் உறிஞ்சிவிடும். சேமிப்பே இல்லாமல் அன்றைய கூலியை அன்றே செலவழித்து ஓடும் குடும்பம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அதனால்தான் காட்டை எரித்துப் பயிர் வைத்தால் சாம்பலின் தயவில் சில ஆண்டுகள் விளைந்து, பிறகு நிலம் கைவிரிக்கிறது.

அரிக்கப்பட்டுப் போகும் சத்துக்கு ஈடு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் சகாரா பாலைவனம் உள்ளே வரும். சாட் நாட்டில் போடேலே என்றொரு பள்ளம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஏரி, இன்று வறண்ட தரை. அங்கே வாழ்ந்து மடிந்த நுண்பாசிகளின் ஓடுகள் கலந்த தூசியைக் காற்று கிளப்பி, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகிறது. செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு நாசா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் ஆப்பிரிக்கத் தூசி அமேசான் படுகையில் விழுகிறது. அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். மழையும் வெள்ளமும் அமேசானிலிருந்து அடித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவு. இதில் போடேலேயின் பங்கு எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எரியும் புல்வெளிகளின் புகைக்கு எவ்வளவு பங்கு என்று அறிவியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்று மிக ஈரமான காட்டுக்கு உரம் போடுகிறது என்ற செய்தியின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை.

காட்டின் அடுக்குகள், ஒவ்வொன்றிலும் யார் யார் வாழ்கிறார்கள் என்ற பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, படமாகப் பார்த்தாலே போதும். தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் மேலே விழுவதில் 2 சதவீதம் அளவுதான் என்பதை மட்டும் சொல்லி, அறை சன்னலை எல்லாம் மூடிவிட்டு ஒரே ஒரு கீற்றைத் திறந்துவைப்பேன். ஒரு விதை அந்த இருட்டில் எத்தனை ஆண்டு பொறுத்திருக்க வேண்டும் என்ற பேச்சு தானாக வரும்.

நேரத்தை நான் அதிகம் செலவிடுவது ஒரு விளையாட்டில். மழைக்காட்டில் ஒரு வகை மரத்துக்கு அருகிலேயே அதே வகை மரம் நிற்பது அரிது. பல இடங்களில் ஒரு ஹெக்டேருக்குள் நூறு, இருநூறு வகை மரங்கள் கலந்து நிற்கும். ஏன்? 1970இலும் 1971இலும் டேனியல் ஜான்சன், ஜோசப் கானெல் என்ற இரண்டு சூழலியலாளர்கள் தனித்தனியாக ஏறத்தாழ ஒரே விளக்கத்துக்கு வந்தார்கள். ஒரு மரத்தைத் தின்னப் பழகிய பூச்சிகளும் நோய்க் கிருமிகளும் அந்தத் தாய்மரத்தைச் சுற்றித்தான் கூட்டமாக இருக்கும். அதன் நிழலில் விழும் விதைக்குக் கதி இல்லை. தொலைவுக்குப் போகும் விதைக்குத்தான் வாழ்வு.

இதை ஆடிப் பார்க்கலாம். ஒரு பிள்ளை நடுவில் தாய்மரம். இரண்டு பேர் பூச்சிகள், அவர்கள் மரத்திலிருந்து ஐந்து அடி வைக்கும் தூரத்துக்குள்தான் நடமாடலாம். மற்ற எல்லோரும் விதைகள், கண்ணை மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார வேண்டும். பூச்சி தொட்டால் விதை காலி. முதல் ஆட்டத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், ஒரே கூச்சல். அடுத்த ஆட்டத்தில், பழம் தின்று விதையைத் தொலைவில் போடும் ஒரு இருவாச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பறவை ஒவ்வொரு விதையாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் மைதானத்தின் கோடியில் விடலாம். இப்போது நான்கைந்து பேர் பிழைத்து, எழுந்து நின்று புது மரங்கள் ஆவார்கள். பூச்சிகள் எல்லா மரங்களுக்கும் பரவும். நாலைந்து சுற்று ஆடிவிட்டு அப்படியே நிற்கச் சொன்னால், ஒரு வகை மரம் இடைவெளி விட்டு விட்டு மைதானம் முழுக்க நிற்கும். கடைசிச் சுற்றில் இருவாச்சியை யாரோ சுட்டுவிட்டதாக அறிவித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லுங்கள்.

மரங்கள் எல்லாம் நிற்கும், ஆனால் புது மரம் வராது. மேலிருந்து படம் எடுத்தால் பச்சையாகவே தெரியும். வேட்டையால் பெரிய விலங்குகள் தீர்ந்துபோன இத்தகைய காட்டை வெற்றுக்காடு என்றார் உயிரியலாளர் கென்ட் ரெட்ஃபோர்ட், 1992இல். மைதானத்தில் ஓடிக் களைத்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இருப்பதில்லை. சுடப்பட்ட இருவாச்சி மட்டும் ஆட்டத்தை விட்டு வெளியே போகமாட்டேன் என்று சண்டை போடும்.

இதே வரிசையில் பிரேசில் கொட்டை மரத்தையும் சொல்வேன். ஐம்பது மீட்டர் வரை வளரும் அந்த மரத்தின் பூவிதழ் இறுக்கமாக மூடியிருக்கும், உடல் பலமுள்ள பெரிய தேனீக்களால்தான் திறந்து உள்ளே நுழைய முடியும். காய் இரண்டு கிலோ எடை வரை இருக்கும், ஓடு மரக்கட்டை மாதிரி. விழுந்த காயை அகூட்டி என்ற கொறிவிலங்கு பல்லால் உடைத்து, தின்றது போக மீதியை அங்கங்கே புதைத்துவைத்து, சிலதை மறந்தும்விடுகிறது. மறந்தது முளைக்கிறது. பிரேசிலில் இந்த மரத்தை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே சுற்றியுள்ள காட்டையெல்லாம் மேய்ச்சல் நிலமாக்கிவிட்டு இந்த மரத்தை மட்டும் விட்டுவைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். "மரம் காப்பாத்தப்பட்டுச்சா, இல்லையா?" என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். பூவுக்குத் தேனீ வருமா, காயை உடைக்க அகூட்டி வருமா என்று அவர்களே கேட்டு, அவர்களே உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒரு மரத்தைக் காப்பதும் காட்டைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மரக்கன்று நடும் விழாவை மழைக்காட்டுப் பாதுகாப்பு என்று அழைக்கும் வழக்கத்தின் மீது எனக்கிருக்கும் எரிச்சலும் இதனால்தான்.

எந்த வயதில் எதைச் சொல்வது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1990களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சின்னஞ்சிறு குழந்தைகளின் தலையில் மழைக்காட்டு அழிவைச் சுமத்தினால், அவர்களுக்கு இயற்கையின் மீது பற்று வராது, அதை விட்டு விலகத்தான் தோன்றும். தன்னால் எதுவும் செய்ய முடியாத துயரத்தை ஏழு வயதுக்காரர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? எனவே சின்னவர்களுக்கு இலைவெட்டி எறும்பு, தன் தலைப்பிரட்டையை முதுகில் சுமந்து மரமேறி இலைக்குழித் தண்ணீரில் விடும் சிவப்புத் தவளை, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கழிவு போக மரத்தைவிட்டு இறங்கும் ஸ்லாத் என்ற சோம்பேறி விலங்கு (தேவாங்கு அல்ல), இவை போதும். (கடைசிச் செய்திக்குக் கிடைக்கும் சிரிப்பு வேறு எதற்கும் கிடைப்பதில்லை.) யார் வெட்டுகிறார்கள், எதற்கு என்பதெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல்.

அந்த வயதில் சொல்லும்போது அரைகுறையாகச் சொல்லக் கூடாது. அமேசானில் காடு போன இடத்தில் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சல் நிலம். போர்னியோவிலும் சுமத்ராவிலும் எண்ணெய்ப்பனை. உலகின் பாமாயிலில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. "அப்போ பாமாயிலை நிறுத்திடலாம்" என்று உடனே தீர்ப்பு வரும். அப்போது மறுபக்கத்தை வைப்பேன்: எண்ணெய்ப் பயிர்கள் விளையும் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், உலகத் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தருவது இந்தப் பனைதான். அதை விட்டுவிட்டு சோயாவுக்குப் போனால் அதே அளவு எண்ணெய்க்குப் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலம் எந்தக் காட்டிலிருந்து வரும்? சிறு தோட்டக்காரர், ஆலை முதலாளி, காட்டில் வாழும் குடும்பம், எண்ணெய் வாங்கும் ஊர், ஒராங்குட்டான் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்துப் பேசவைத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. முடிவு எட்டாமலே கலைவோம்.

காட்டுப் படங்களில் மனிதர் இருப்பதில்லை என்பதையும் இந்தச் சமயத்தில் சரிசெய்ய வேண்டும். பிரேசிலில் ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த சிகோ மெண்டிஸ், காட்டை வெட்டாமல் அதிலிருந்து பிழைக்கும் உரிமைக்காகத் தொழிலாளர்களைத் திரட்டியவர். 1988 டிசம்பரில் பண்ணையார் குடும்பத்து ஆளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்டபடியான ஒதுக்கீட்டுக் காடுகள் பின்னர் உருவாயின, ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அருணாச்சலப் பிரதேசத்தில் நிஷி மக்களின் தலையணியில் இருவாச்சியின் அலகு இருக்கும். அலகுக்கு மாற்றாகக் கண்ணாடியிழையில் செய்த அலகுகள் வந்தன. பக்கே புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் முன்பு வேட்டைக்குப் போனவர்களே இன்று இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை ஒரு சிறு பிளவு வழியே மாதக்கணக்கில் பழம் ஊட்டுவதை அருகிருந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

நல்ல செய்தியையும் எண்ணோடு சொல்ல வேண்டும். வரைதாளில் ஒரு கோடு போடச் சொல்வேன். பிரேசில் அமேசானில் 2004இல் அழிந்த காடு சுமார் 27,800 சதுர கிலோமீட்டர். 2012இல் 4,600. செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்பகங்கள், புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மறுத்த வணிகர் ஒப்பந்தம், விதிமீறிய பண்ணைகளுக்குக் கடன் மறுப்பு எல்லாம் சேர்ந்து இறக்கியது. 2021இல் மறுபடி 13,000ஐத் தாண்டியது, 2024இல் 6,300 அளவுக்கு இறங்கியது. கோடு இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. "இங்க என்னாச்சு?" என்று மேட்டைக் காட்டிக் கேட்பார்கள். ஆட்சி மாறியது, கண்காணிப்பு தளர்ந்தது என்பேன். கேரளத்தில் சைலன்ட் வேலியையும் சேர்த்துச் சொல்லலாம். குந்திப்புழாவின் குறுக்கே அணை வந்திருந்தால் மூழ்கியிருக்கும் அந்தக் காடு, சோலைமந்திகளின் வீடு. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்ததில் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது.

"நாங்க என்ன பண்ண முடியும்?" என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். உன் ஒருவரின் சோப்பும் பிஸ்கட்டும் காட்டை அழித்துவிடவில்லை, அந்தச் சுமை உன்னுடையதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவேன். பிறகு 1987இல் சுவீடனில் ஒரு சிற்றூர்ப் பள்ளி வகுப்பில் இதே கேள்வி எழுந்த கதை. அந்தப் பிள்ளைகள் நாடகம் போட்டு, பொருள் விற்றுப் பணம் சேர்த்து, கோஸ்டாரிகாவின் மான்டிவெர்டேயில் முதலில் வாங்கியது ஆறு ஹெக்டேர் காடு. பிறகு 44 நாடுகளின் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். இன்று அது 22,000 ஹெக்டேருக்கும் மேல், "குழந்தைகளின் நிரந்தரக் காடு" என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் பெயர். அந்நாட்டின் மிகப்பெரிய தனியார் காப்பகம். வாங்கியதோடு வேலை முடியவில்லை, காவலர்களுக்குச் சம்பளமும் எல்லைச் சிக்கல்களும் இன்றுவரை தொடர்கின்றன என்பதையும் மறைப்பதில்லை.

அந்தக் காட்டின் பெரும்பகுதிக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. பாதைகள் இருப்பது ஓரங்களில் சில இடங்களில்தான். இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் ஒரு பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "காசு குடுத்தவங்களையாவது ஒரு தடவை உள்ள விடணும்ல?" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் விடவில்லை. "உனக்குக் காட்டுறதுக்கா வாங்குனாங்க?" என்று கேட்டாள். வழிகாட்டியோடு பத்துப் பேர் மட்டும் போகலாம் என்று ஒருவர் சமரசம் பேச, பத்துப் பேர் போனால் எத்தனை பறவை கூட்டைவிட்டு எழும் என்று இன்னொருவர் கேட்க, வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த பெற்றோர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள்.